அடுத்த வீட்டு விசிட்டிங் கார்டில் என் நம்பர்

1997 ஜூலை 13, ஞாயிறு. காலை மணி பத்து பத்து. லேசான தூறல். போன் அடித்தது.

"ஏகாம்பரம் இருக்காருங்களா? பெங்களூர்ல இருந்து, புடவை விஷயமா..."

இது அவர் நம்பர் இல்லை என்றேன். கார்டில் இதே நம்பர்தான் அச்சாகியிருக்கிறது என்றார் அந்த மனிதர்.

ஏகாம்பரம் என் அடுத்த வீட்டுக்காரர். நாலு தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். குடையோடு போய்க் கேட்டேன். பெருமையாக ஒரு கார்டை நீட்டினார். புதுசு. ஐந்நூறு அடித்தாராம். கீழே என் போன் நம்பர், பக்கத்தில் பி.பி. அதாவது, பக்கத்து வீட்டில் கூப்பிட்டுத் தருவார்கள்!

என்னைக் கேட்க வேண்டாமா?

"உங்களை எதுக்கு சார் கேக்கணும்? வேத்து மனுஷனா இருந்தா கேட்டுகினுதான் போட்டிருப்பேன். நீங்க நம்மாளு."

கிள்ளுக்கீரை என்று ஒரு சொல் உண்டே... அன்றுதான் அதற்கு முழு அர்த்தம் புரிந்தது. கடைக் கீரைக்கு விலை கேட்கிறோம், பேரம் பேசுகிறோம். கொல்லையில் முளைத்ததை யாரைக் கேட்டுக் கிள்ளுகிறோம்? கத்திகூட வேண்டாம், நகம் போதும். இனாமாகக் கிடைப்பதற்கு மரியாதை எதற்கு?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். போன் கணக்கு நோட்டையும் காட்டினேன். போன மாதம் மட்டும் அவர்களுக்கு வந்த போன் ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் என்ன, அந்த ஆளுக்குக் கிள்ளுக்கீரையா?

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஐம்பத்தெட்டு வாட்டியும் போய் கூப்டது யாருங்க? 'அவங்களுக்குப் போன்'னு உக்காந்த எடத்துலயே சொல்லிகினு நீங்க கோடு போட்டீங்க. முட்டி வலியோட நான்தான் நடந்தேன்."

வாசலுக்குப் போய் அடி வைத்து எண்ணினேன்.

எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு முப்பத்தோரு அடி. போக, வர அறுபத்திரண்டு. பெருக்கினேன் – மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. நோட்டில் இதற்கு ஒரு கட்டமே இல்லை. போய் வருகிறாயா என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

கோபம் குறையவில்லை. யார் மேல் என்பதில்தான் குழப்பம்.

மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். சுவிட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்தில், பெல் ஏகாம்பரம் வீட்டில். போன் வந்தால் நான் அழுத்துவேன், அவர்கள் ஓடி வருவார்கள். இனி அவள் நடக்க வேண்டாம்.

ஏகாம்பரம் பெல்லை அண்ணாந்து பார்த்தார்.

"தறி சத்தத்துல இது கேக்காது சார். பெருசா ஒண்ணு போட்டுடுங்க."

போட்டேன். பெரிய பெல், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து இருநூற்று அறுபத்தைந்து ரூபாய். என் பணம்.