எங்கள் காட்டில் நின்ற வில்

பாளையம்பட்டி வாட்டர் சர்வீஸில் காலை ஏழு மணிக்கு முதல் வண்டி வந்துவிடும். அப்போது பிரஷர் கன்னைக் கையில் எடுத்தால் மதியம் வரை என் கால் காய்வதில்லை. விரல் இடுக்கில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். பதினாறு வருடமாக இதுதான். கிழக்கே வெயில் ஏறும்போது நான் மேற்கே பார்த்து நின்று லாரியைக் கழுவுவேன். தெறிக்கும் தூவானத்தில் ஒரு சின்ன வானவில் தெரியும். நான் நகர்ந்தால் அதுவும் நகரும். ஒருநாள் பக்கவாட்டில் நின்ற டிரைவரிடம் காட்டினேன். "எங்கண்ணே? ஒண்ணையும் காணோமே" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் காட்டவில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் கழுவ வந்த டீச்சர் ஒருவர், என் கண் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். துளிக்குள் நுழையும் வெளிச்சம் வளைந்து, உட்புறத்தில் பட்டுத் திரும்பி, வெளியே வரும்போது நிறம் நிறமாகப் பிரிகிறது. எல்லாத் துளியும்தான் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் சரியான சாய்வில் இருக்கிற துளியின் நிறம் மட்டுமே நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. அது அவரவர் நிழலின் தலையைச் சுற்றி வளைகிற வளையம்.

"அதனால ஒங்க வில்லு ஒங்களுக்கு, எங்க வில்லு எங்களுக்கு. அது ஒரு எடத்துல நிக்கிற பொருளே கெடையாதுண்ணே."

நான் தண்ணீரை நிறுத்திவிட்டேன்.

"என்னண்ணே, சோப்பு இன்னும் போகலயே?" என்றார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் எங்கள் ஊர். மழையை நம்பிய கரிசல் காடு எங்களுக்கு மூன்று ஏக்கர், ஊருக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எங்கள் பக்கத்தில் மழை ஊருக்குப் பெய்வதில்லை. காட்டுக்குக் காடு பெய்யும். ஒருவன் காட்டில் சகதியாக இருக்கும், பக்கத்துக் காட்டில் புழுதி பறக்கும். அதனால் புரட்டாசி கடைசியில் இடி கேட்டால், எந்தக் காடு நனைந்தது என்று யாராவது ஓடிப் பார்த்துவிட்டு வர வேண்டும். பார்த்தவன் ஒரு பிடி மண்ணைக் கொண்டுவர வேண்டும். கையில் இறுக்கிப் பிடித்துத் திறக்கும்போது மண் உருண்டையாக நின்றால் ஓர் உழவு மழை, உழுது விதைக்கலாம். உதிர்ந்தால் இல்லை.

அந்த வருடம் அப்பாவின் காலில் கருவேல முள் ஏறி, பாதம் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். விதைச்சோளம் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. பசித்த நாளிலும் அம்மா அதைத் தொடவில்லை. சுற்று வட்டாரத்துக்கு ஒரே டிராக்டர். அதை ஓட்டுகிற மாமா சாயங்காலம் ஊருக்குள் வந்து யார் யார் காடு நனைந்தது என்று கேட்டு மறுநாளுக்கு முறை வைப்பார். அன்று முறை தவறினால் பத்துப் பதினைந்து நாள் திரும்ப வரமாட்டார். அதற்குள் ஈரம் போய்விடும். ஒருநாள் சாயங்காலம் கிழக்கே இடி கேட்டது.

"ஓடிப்போய்ப் பாத்துட்டு மண்ணு அள்ளிட்டு வாடா. வண்டி போறதுக்குள்ள வந்துரணும்" என்றார் அப்பா.

பாதி வழி ஓடினேன். முதுகில் வெயில். எதிரே கிழக்கு முழுக்க இருண்டு கிடந்தது. அந்த இருட்டில் வானவில் எழுந்து, அதன் வலது கால் நேராக எங்கள் காட்டின் ஒற்றைப் பனைக்குமேல் இறங்கியது. நம் காட்டில்தான் பெய்கிறது!

இன்னும் கொஞ்சம் ஓடினேன். வில் பனையை விட்டு விலகிப் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வந்தேன். மறுபடி பனைக்கு வந்து நின்றது. இப்படி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நடந்து, அது எங்கள் காட்டில் நிற்கிற இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கேயே நின்று திருப்தியாகப் பார்த்தேன். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. இடி வேறு. மண் அள்ளாமலே வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. தெருவே கூடியிருந்தது.

"என்ன மாப்ளே, பெஞ்சிருக்கா?" என்றார் டிராக்டர் மாமா.

"பெஞ்சிருக்கு."

"மண்ணு எங்கடா?" என்றார் வாசல் கட்டிலில் இருந்த அப்பா.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரே சகதிப்பா. உள்ள கால் வைக்க முடியல" என்றேன்.

எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வத்தலை அள்ளப் போயிருந்த அக்கா இறங்கி வந்தாள். "பொய் சொல்றாம்ப்பா. வில்லு கண்மாய்க்குள்ளதான் நின்னுச்சு. நம்ம காட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மாடியில நின்னு நல்லாப் பாத்தேன்."

"நல்ல சொல்லு வர்ற நேரத்துல வாயப் பாரு" என்று அம்மா அவள் தலையில் ஓங்கிக் குட்டினாள். அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து இருந்தார். பிறகு, "மொத முறை எனக்குப் போடு மாப்ள" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா டிராக்டரில் தொற்றி உட்கார்ந்து காட்டுக்கு வந்தார். நான் விதை மூட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். கலப்பை இறங்கியதும் புழுதி கிளம்பி எங்கள் மூன்று பேரையும் மூடியது. டிராக்டர் மாமா வண்டியை நிறுத்தினார்.

"என்ன மச்சான், சகதின்னீக? சட்டி சுடுற மாதிரில்ல இருக்கு?"

அப்பா நொண்டிப்போய் ஒரு பிடி மண் அள்ளி இறுக்கினார். கையைத் திறந்ததும் விரல் வழியே ஒழுகிப் போனது. கையைத் தட்டிக்கொண்டார்.

"நாந்தான் புழுதி வெதப்புக்கு வரச் சொன்னேன். நீ ஓட்டு."

காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் புழுதி விதைப்பு. அதைச் சூதாட்டம் என்று ஊரெல்லாம் திட்டித் திரிந்தவர் அப்பா. அன்று எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பா முதலிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார் போல என்று நிம்மதியாக இருந்தது. எறும்பு தின்றது போக மிச்ச விதை, பத்தாம் நாள் ஒரு தூறலை நம்பி முளைத்து, அடுத்த வாரத்து வெயிலில் கருகியது. அந்த வருடத்தோடு என் படிப்பும் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

டீச்சர் சொன்னதை அன்று மத்தியானமே போனில் அக்காவிடம் சொன்னேன். அவள் இப்போது மல்லாங்கிணற்றில் இருக்கிறாள். அவள் மாடியிலிருந்து பார்த்த வில் வேறு, நான் பாதையிலிருந்து பார்த்த வில் வேறு, மழை திருச்சுழிப் பக்கம் எங்கேயோ பெய்திருக்கும், நாங்கள் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வில்லு சரிடா. சகதி?" என்றாள்.

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கரிச சகதி காலுல பட்டா ரெண்டு நாளைக்குப் போகாதுடா. வெறும் புழுதிக்காலோட வந்து நின்ன. அப்பா குனிஞ்சு ஒன் காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. நானும் பாத்தேன். அதுக்கு அப்புறந்தான் மொத முறை எனக்குன்னாக."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவர் இல்லை. பத்து வயதில் நான் பயந்துகொண்டிருந்தது, என் பேச்சை அவர் நம்பாமல் போய்விடுவாரோ என்றுதான். அன்று என்னைவிட அதிகமாக அந்த மழை அவருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.