அண்ணன் பெட்டிக்குள் வைத்துப்போன நாயனம்

எங்கள் அன்பு அண்ணன், கம்போங் ராஜா என்ற ஊருக்குப் போகும் மலைவழியில் உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தவறியபோது நான் தொட்டிலில் இருந்தேன். பள்ளியை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன், பிறகு அங்கேயே வயர்மேன் ஆனார். எனக்கு அப்பாவும் அவர்தான். கோபக்காரர், ஆனால் அந்தக் கோபம் சாப்பாட்டுத் தட்டு வரும்வரைதான்.

தானா ராத்தா விடுதியில் வாசித்த இசைக்குழு கலைந்தபோது, அவர்களின் பழைய சிந்தசைசரை, கட்டைகள் வைத்த மின்னிசைப் பெட்டியை, அண்ணன் வாங்கி வந்தார். நாமே ஓசைகளை உருவாக்கி அதில் சேமித்து வைக்கலாம். ஒரு மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து, மேளக்காரர்கள் மலையேற முடியாமல், தோட்டத்தில் ஒரு கல்யாணம் மேளமின்றி நடந்தது. மணப்பெண் அழுததைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், பல வாரங்கள் அந்தப் பெட்டியைத் திருகித் திருகி ஒரு நாயன ஓசையைச் செய்துவிட்டார். பிறகு பாதை அடைபட்டாலும் எங்கள் தோட்டத்துத் தாலிக்கு நாயனம் உண்டு.

மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த ஓசைகளை மறக்காமல் காப்பது, பெட்டிக்குள் நாணயம்போல் இருக்கும் ஒரு பேட்டரி. மலையின் ஈரத்தை அண்ணன் நம்பமாட்டார். ஆண்டுதோறும் கோயில் திருவிழாவுக்கு முன் மூடியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்ப்பார். டார்ச் பிடிப்பது என் வேலை.

"முள்ளு மூணுல நிக்குதா பாரு புள்ள. ஒன் கல்யாணத்துக்கும் இவன்தான் நாயனக்காரன். சாப்பாடுகூடப் போட வேணாம் லா!"

எனக்கு நிச்சயம் முடிந்த கையோடு, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை.

கல்யாணம் தள்ளிப்போனது. பெட்டியை அவருடைய வேட்டியில் சுற்றிப் படத்தின் கீழ் வைத்தோம். துக்க வீட்டில் ஓராண்டுக்கு இசை கூடாது என்பதால் திருவிழாவுக்கும் யாரும் அதைத் தொடவில்லை. பேட்டரிக்குத் துக்கம் தெரியுமா?

போன மாதம் அண்ணனோடு தபேலா வாசித்த நண்பர் மணியம் வந்து திறந்து பார்த்தார். முள் இரண்டரையைக்கூடத் தொடவில்லை.

"தெவசம் கழியட்டும்பா. அதுவரைக்கும் இந்த வீட்டுல மேளச் சத்தம் வேணாம்" என்றார் அம்மா.

"அதுவரைக்கும் தாங்காதும்மா. பேட்டரி செத்துச்சுன்னா அவன் செஞ்ச நாயனமும் போயிரும் லா. கேசட்டுல ஏத்தி வச்சிட்டுப் புதுசு மாத்துறேன். அதுல பாட்டு வராது, ஓசையோட கணக்குதான் கிறீச்சுன்னு ஒரு இரைச்சலாப் பதியும்."

இரைச்சல் என்றதும் அம்மா சம்மதித்தார். பதிவானதை மணியம் ஓடவிட்டார். காதைக் கிழிக்கும் அந்தக் கிறீச்சலை அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இதுக்குள்ளயா இருக்கான்?"

"இருக்கான்மா" என்றார் மணியம்.

புதுப் பேட்டரி போட்டு, கேசட்டிலிருந்து ஓசைகளைப் பெட்டிக்குத் திரும்ப ஏற்றியாகிவிட்டது. ஆனால் வாசித்துப் பார்த்தால்தான் சரியாக வந்ததா என்று தெரியுமாம். அம்மா அதற்கு விடவில்லை; பெட்டியை மறுபடி வேட்டியில் சுற்றிவிட்டார்.

மருத்துவமனையில் இரவு பகலாகத் துணையிருந்த லயத்து உறவுகளுக்கும், இறுதிப் பயணத்துக்கு லாரி தந்த காய்கறித் தோட்டத்து அன்பருக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் இன்று, திவசம் முடிந்து, மாலையில் பெட்டியைச் சுற்றிய வேட்டியை அவிழ்த்து வாசித்துப் பார்க்கப் போகிறோம். நாயனம் வந்தால் தை மாதம் என் தாலி கட்டும் நேரத்தில் நீங்களும் கேட்பீர்கள். வராவிட்டால் மணவறையிலேயே அண்ணனைக் கூப்பிட்டு அழுவேன். அப்போது யாரும் என்னைத் தடுக்க வேண்டாம்.

அன்புத் தங்கை