போய் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் கொடைக்கானலில் ஒரு கூட்டம். குடும்ப நலம், குழந்தைகள் நலம் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மழை. ஹாலில் பாதி நாற்காலி காலி.

"ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஸ்பெஷல் ஸ்கூல்... எல்லா வசதியும் இருக்கிறது. எல்லாம் இலவசம். ஜனங்கள்தான் வந்து உபயோகித்துக்கொள்வதில்லை" என்று வருத்தப்பட்டார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் – குளிருக்கு.

ஏன் வருவதில்லை? எனக்கு வெள்ளையம்மா ஞாபகம் வந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் நான் பூண்டியில் டீச்சராக இருந்தேன். கொடைக்கானலைத் தாண்டி, மேல்மலைக்குள் இருக்கிற ஊர். அப்போது பஸ் கிடையாது. வெள்ளையம்மாவும் அவள் புருஷன் காளியப்பனும் அங்கே வெள்ளைப்பூண்டு போடுகிறவர்கள். ஒரே மகள் செல்வி. ஆறு வயசாகியும் பேச்சு வரவில்லை. பழனியில் மொட்டை போட்டார்கள். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். ம்ஹும்.

நான்தான் வற்புறுத்திக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா செல்வியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தரையில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் துள்ளிவிட்டோம். செல்வி ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாக்கில் ஒன்றுமில்லை. காதுதான் கேட்கவில்லை. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்?" என்றார் டாக்டரம்மா. தெற்கே வெகு தூரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் சும்மா. லீவுக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வெளியே வந்ததும் காளியப்பன் முறைத்தான். "பொட்டப்புள்ளய அம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு வர்றதா? எங்ககூடக் காட்டுலயே கெடக்கட்டும் டீச்சர்."

வெள்ளையம்மா கேட்டது வேறு. "பள்ளிக்கொடம் நல்லதுதாங்க. லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னு இவகிட்ட எப்படிங்க சொல்றது?"



அவர்களுக்குள் ஒரு கைப்பேச்சு இருந்தது. மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. வயிற்றைத் தட்டினால் பசி. ஆனால் 'லீவு' என்பதற்கு என்ன சைகை? 'அடுத்த மாசம்' என்பதற்கு?

வெள்ளையம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைப்பாள். கையை வெளியே நீட்டி, மறுபடி நெஞ்சுக்கு இழுத்துக் காட்டுவாள் – போவேன், வருவேன். பிறகு காட்டு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவாள். முதலில் செல்வி புரண்டு அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. அம்மா போனால் இருட்டுவதற்குள் வந்துவிடுவாள்!

மலையிறங்கி, பஸ் மாறி, ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்து கேட்டில் நின்று வெள்ளையம்மா அதே சைகையைக் காட்டினாள். செல்வி சிரித்தபடி தானும் அதைக் காட்டினாள். அழவேயில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

முழுப் பரீட்சை லீவுக்கு அழைத்துவரப் போனபோது, வார்டனம்மா சொன்னார்: "வந்த புதுசுல தினமும் பொழுது சாயற வரைக்கும் கேட்டுப் பக்கத்துலயே நிப்பா. அப்புறம் நிக்கறத விட்டுட்டா."

செல்வி வந்தாள். உயரமாகியிருந்தாள். வெள்ளையம்மா மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள். செல்வி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க கையால பேச விடமாட்டோம்மா. அப்பத்தான் வாய் பழகும்" என்றார் வார்டனம்மா. கெட்டவர் அல்ல. செல்வியின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, உதட்டை அசைத்துக் காட்டினார்.

"அம்...மா."

கரகரப்பான, ஏற்ற இறக்கமில்லாத குரல். வெள்ளையம்மா மகள் வாயிலிருந்து அந்த வார்த்தையை முதல்முதலாகக் கேட்டாள். ஆனால் செல்வி பார்த்துக்கொண்டிருந்தது வார்டனை – சரியாகச் சொன்னோமா என்று!

காளியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஊருக்கு வந்தும் பல நாள் அவள் யாரிடமும் ஒட்டவில்லை. பூண்டுப் பாத்தியில் அம்மாவோடு களை பிடுங்கப் போகப் போகத்தான் கை மெல்ல அவிழ்ந்தது. அம்மா மடியில் படுத்துத் தூங்க ஆரம்பித்தபோது லீவு முடிந்துவிட்டது.

"போதும் டீச்சர்" என்றான் காளியப்பன். "படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

வெள்ளையம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் நானும் செத்த பெறகு அவ யாருகிட்டய்யா மூக்கத் தொட்டுக் காமிப்பா? நாலு எழுத்துத் தெரிஞ்சா எங்கயாச்சும் பொழச்சுக்குவால்ல?"

மறுநாள் காளியப்பன் வெள்ளனே எழுந்து செல்வியின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கட்டணம் இல்லையென்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்த மாதிரிச் செலவெல்லாம் எந்த அதிகாரியின் கணக்கில் வரும்?

இந்தத் தடவை வெள்ளையம்மா கேட்டில் எந்தச் சைகையும் காட்டவில்லை. காட்ட விடவில்லை செல்வி. அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். வார்டனம்மாவும் ஆயாவும் சேர்ந்துதான் அவள் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. தெருமுனை வரை அந்தச் சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது. காளியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெரசாக நடந்தான்.

ரயிலில் வெள்ளையம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. பிறகு என் கையைத் தொட்டாள்.

"அழுதா டீச்சர். என்னையப் பாத்து... என்னைய விடமாட்டேன்னு அழுதா."

செல்வி இன்றைக்கும் அங்கேதான் படிக்கிறாள். தன் பெயரை எழுதுகிறாளாம்.

பிறந்த பிள்ளை அழுததா என்று கேட்காத தாய் உண்டா? ஏழு வயசுப் பிள்ளை அழுதது என்று ஆறுதல்பட்ட தாயை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.