வலப்பக்கத்து வீட்டுக்காக அறுபது ரூபாய்

பள்ளிபாளையத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் வீடு விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளிடம்தான் விலை கேட்பார்கள். அவர் பெயர் வீரபாகு. அவரும் தறி நெய்பவர்தான். வீட்டுக்கு விலை மதிப்பது அவருக்குத் தொழில் அல்ல, வியாதி. கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்தியில் உட்கார்ந்தபடி கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்தக் கைமரம் ரெண்டு மழை தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார். சம்பந்தி வீட்டார் முகம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் அவருக்குக் கவலை இல்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிற பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. அதற்காகவே நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததுண்டு.

எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காரை உதிரும். வீரபாகு முதலில் அந்தச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். உச்சி வெயிலில் உள்ளே நின்று, ஓட்டுச் சந்துகளில் வெளிச்சம் எங்கெங்கே இறங்குகிறது என்று பார்ப்பார். நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழியில் இறங்கி மண்ணை அள்ளி ஈரம் பார்ப்பார். காவிரி பெருகினால் எங்கள் குழிகளில் தண்ணீர் ஊறிவிடும். கடைசியாகத் தெருவில் வந்து நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார். அதுதான் முக்கியம். நெசவுக்காரன் தறியில் ஏற்றும் பாவு நூலை விடிகாலையில் தெருவில்தான் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைக்க வேண்டும். நூல் ஐந்தாறு வீட்டு வாசலைத் தாண்டி ஓடும். பக்கத்து வீட்டுக்காரன் வாசலை விடமாட்டேன் என்றால் அந்த வீடு நெசவுக்காரனுக்கு எதற்கு? அப்படிப்பட்ட அண்டை வீட்டுக்கு இவ்வளவு என்று விலையில் குறைத்துவிடுவார், அந்த அண்டை வீட்டுக்காரனை எதிரில் வைத்துக்கொண்டே.

முப்பத்தாறாம் வருடம், ஆடி முடிந்த சமயம், நல்லம்மாள் தன் வீட்டை விற்க வேண்டி வந்தது. அவள் மாமனார் கட்டிய பழைய வீடு. புருஷன் போன பிறகு தனியாகத் தறி நெய்து பிழைத்தவள் அவள். இடப்பக்கம் செங்கோட்டையன் வீடு, அதோடு தெரு திரும்பிவிடும். பாவு நீட்ட வலப்பக்கம்தான் வழி. வலப்பக்கத்து வீடு யாருடையது? சாட்சாத் வீரபாகுவுடையது.

எட்டு வருடத்துக்கு முன் அவள் பாவிலிருந்து சொட்டிய கஞ்சியில் இவர் வழுக்கி விழுந்தார். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாளே தன் வாசலில், நூல் போகும் வழிக்கு நட்டநடுவில், இடுப்பு உயரக் கல் ஒன்றை நட்டுவிட்டார். கேட்டதற்குக் கன்றுக்குட்டி கட்ட என்றார். அவரிடம் கன்றுக்குட்டியே கிடையாது.

அன்றிலிருந்து நல்லம்மாள் பாவு நூலையும் கோல்களையும் தலையில் சுமந்து ஆற்றங்கரைத் திடலுக்குப் போய்வந்தாள். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் குமாரபாளையத்தில் தம்பி வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தாள். தம்பி பெண்டாட்டி வாய் பொல்லாதவள். கையில் நானூறு ரூபாயாவது இருந்தால்தான் அங்கே மரியாதையாகச் சோறு கிடைக்கும்.

வாங்க வந்தவர் ராசிபுரத்துச் சரவணமுத்து, இளவட்டம். வழக்கம்போல விலை மதிக்க வீரபாகுவைக் கூப்பிட்டார்கள். அவரும் கொஞ்சமும் கூச்சப்படாமல் வந்தார். சுவரைத் தட்டினார், கூரையைப் பார்த்தார், தறிக்குழியில் இறங்கி ஏறினார்.

"நானூறு தாராளமாப் போகுமுங்க" என்றார். நல்லம்மாளுக்கு மூச்சு வந்தது.

சரவணமுத்து தெருவுக்கு வந்து நின்றார். "அக்கம்பக்கம் எப்படீங்க? இந்த இடப்பக்கத்து ஊடு?"

"செங்கோட்டையன் ஊடுங்க. தங்கமான மனுசன்."

"வலப்பக்கமுங்க?"

வீரபாகு திரும்பித் தன் வாசல் கல்லைப் பார்த்தார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வீரபாகுவின் மனைவி முத்தாயம்மாள் தன் வீட்டு வாசற்படியில் நின்று, "சொல்லுங்க, என்ன ரோசனை? ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல?" என்றாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நல்லம்மாளுக்கும் லாபம்தான். ஆனால் வீட்டு விலையில் மட்டும் அந்த மனுஷனுக்குப் பொய் வராது.

"வலப்பக்கத்து ஆளு கொஞ்சம் மொரடுங்க" என்றார் தரையைப் பார்த்தபடி. "பாவு போட வாசலை உடமாட்டான். அதுக்கு அறுவது ரூவா தள்ளிக்கோங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. நல்லம்மாள் சிரிக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, கல்லை நட்டு என்னை எட்டு வருசமா ஆத்தங்கரைக்கு அலைய உட்டீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப அந்தக் கல்லுக்கு அறுவது ரூவாயும் என்ர கையிலிருந்தே புடுங்கறீங்களே, இது நாயமுங்களா?" என்றாள்.

வீரபாகுவின் முகம் கறுத்தது. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். விசுக்கென்று உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். உதவிக்குப் போன யாரையும் கிட்டே விடவில்லை. வேர்க்க வேர்க்கத் தானே தோண்டினார். கல் சாய்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்ப நானூறுங்க" என்றார்.

சரவணமுத்து விவரமான ஆள். "கல்லு போச்சுங்க, சரி. ஆளு இருக்காருங்களே?"

"அதுக்கு ஒரு அஞ்சு ரூவா தள்ளிக்கோங்க" என்றாள் முத்தாயம்மாள்.

வீரபாகுவே சிரித்துவிட்டார். சரவணமுத்து மடியிலிருந்து முன்பணத்தை எடுத்து நீட்டினார். நல்லம்மாள் கையை நீட்டவில்லை. அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலிலிருந்து கோடி வீடு வரைக்கும் ஒரு தடையும் இல்லாமல் கிடந்தது.

"நான் விக்கலீங்க, சாமி" என்றாள்.

"ஏனுங்கக்கா, முழுசா நானூறே தாரனுங்க."

"நானூத்தம்பது குடுத்தாலும் வேண்டாமுங்க. என்ர வாசல்லயே பாவு நீட்டலாம்னா நான் எதுக்குத் தம்பி ஊட்ல போய்க் கெடக்கோணும்? என்ர ஊட்லயே தறி நெய்ஞ்சு நானே கஞ்சி குடிச்சுக்குவேன்."

சரவணமுத்து வீரபாகுவின் பக்கம் திரும்பினார். "நீங்க வெலை சொல்ல வந்தீங்களா, யாவாரத்தைக் கெடுக்க வந்தீங்களா?" என்று கடிந்துகொண்டு கிளம்பினார். வீரபாகு சிரித்தபடியே கல் பெயர்த்த குழியில் மண்ணைத் தள்ளினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் விடியலில் நல்லம்மாளின் பாவு வீரபாகுவின் வாசலைத் தாண்டி ஓடியது. மறுகோடியில் பிடிக்க ஆளில்லாமல் அவள் திண்டாடியபோது அவரே எழுந்து வந்தார். "இத்தனை வருசம் தறி நெய்ஞ்சும் இழுத்துக் கட்டத் தெரியலியே அம்மிணி" என்று ஏசிக்கொண்டே கட்டிக் கொடுத்தார். நல்லம்மாள் இருந்த வரைக்கும் அந்த வீடு பிறகு விலைக்கு வரவே இல்லை.