மஞ்சள் கயிற்று டப்பா

பெட்டகத்தைத் திறப்பதற்கு முன் பச்சியப்பன் மேசை இழுப்பறையைத் திறப்பார். உள்ளே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியைத் தூக்கி, அதிலிருக்கும் மஞ்சள் கயிறுகளை விரலால் தள்ளிப் பார்ப்பார். குறைந்திருந்தால் வீட்டுக்குப் போன் போகும். "தீர்த்தா, நாளைக்குப் பத்து வெட்டி வெய்யி. புதன்கெழம கூட்டம் வரும்." அதன் பிறகுதான் சாவிக்கொத்தை எடுப்பார்.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம். ஊருக்கு அவர் எப்போதும் 'சொசைட்டிக்காரர்'தான். டப்பாவைப் பற்றிக் கேட்ட தணிக்கை அதிகாரியிடம், "சேஃப்புக்கு நானும் கேஷியரும் பொறுப்பு சார். இந்த டப்பாவுக்கு என் வூட்டுக்காரம்மா பொறுப்பு" என்றாராம்.

அது உண்மை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ராமக்காள் என்றொரு பெண் தாலிக்கொடியை அடகு வைத்தாள். எடை பார்த்தார், கையெழுத்து வாங்கினார், ரசீது கொடுத்தார். வெறுங்கழுத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பார்த்துப் பதறிய யாரோ, "புருசன் எப்பம்மா போனாரு?" என்று கேட்டுவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே சங்கத்துக்குத் திரும்பி வந்தாள். மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி தீர்த்தம்மாள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டார்: "நகையத் தராசுல போட்டீங்க, சரி. கழுத்தப் பாக்கலீங்களா?"

மறுநாளே டப்பா சங்கத்துக்குப் போனது. கொடியை மட்டும் அடகு வைப்பவர்கள் தாலியைக் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். தாலியையும் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒரு விரலி மஞ்சள் உண்டு. அவர்கள் கட்டி முடிக்கும்வரை பச்சியப்பன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காலண்டரை உரக்கப் படிப்பார். "இன்னிக்கு சஷ்டி. ராகு காலம் பன்னெண்டுலருந்து ஒன்றரை…" பார்வை எங்கே இருக்கிறது என்பது குரலிலேயே தெரிந்துவிடும். "ஆச்சுங்கண்ணா" என்று காதில் விழுந்த பிறகுதான் திரும்புவார். ஒருமுறை ஒருத்திக்கு முடிச்சு சரியாக விழவில்லை. அவர் அந்த மாதத்தை முடித்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் போயிருந்தார்.

வீட்டிலும் அவருக்கு ஒரு முடிச்சு வேலை இருந்தது. தீர்த்தம்மாள் பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழை பறிக்க விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். மகள் சுகுணாவுக்குத் தலை பின்னுவது அப்பாதான். நோட்டுக் கட்டுக்கு நூல் கட்டுகிற அதே இறுக்கம். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சுகுணாவின் புருவங்கள் எதற்கோ ஆச்சரியப்பட்டது போல மேலேறியே இருக்கும். அவள் வீட்டில் தங்கிய ஒரு நாள் எனக்கும் பின்னிவிட்டார். "அவுந்தா சொல்லு கண்ணு, திரும்பப் போட்டுத் தரேன்" என்றார். மூன்று நாள் அவிழவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும், புதிதாக வந்தவர் "இதெல்லாம் ரூல்ல இல்லீங்க" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது வீட்டுக்கு வந்தது. பெண்களும் முதலில் வீட்டுக்கு வந்து கயிறு மாற்றிக்கொண்டு, பிறகு சங்கத்துக்குப் போனார்கள். இங்கேயும் அதே சுவர்ப் பக்கம், அதே சஷ்டி, ராகு காலம்.

இந்த மாசியில் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் தீர்த்தம்மாள் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார். "இனி எங்கையால குடுக்கற கயித்த யாரு கண்ணு கழுத்துல போடுவாங்க?" என்று சுகுணாவிடம் கேட்டார். நான்கு மாதம் யாரும் வரவும் இல்லை. கயிறு கடைகளிலேயே கிடைக்கிறது.

ஆனியில் ஒரு நாள் நான் சுகுணாவைப் பார்க்கப் போயிருந்தபோது, அடுத்த தெரு சாலம்மாள் வந்தாள்.

"அண்ணி, கயிறு ஒண்ணு வேணும். பொண்ணுக்கு நர்சிங் பீஸ் கட்டணும்."

தீர்த்தம்மாள் முறத்திலிருந்து நிமிரவில்லை. "கடையில பத்து ரூவாதான் சாலா. அங்க வாங்கிக்க."

"வாங்கலாம். கடைக்காரன் செவுத்தப் பாத்துக் காலண்டர் படிப்பானா?"

"என் நெத்தியப் பாத்துட்டுத்தான் கேக்கறியா?"

"எனக்குக் கழுத்துக்குத்தான் வேணும் அண்ணி. நெத்திக்கில்ல."

சுகுணா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். டப்பா இறங்கியது. தீர்த்தம்மாள் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த கயிற்றுச் சுருளைப் பிரித்தார். பிறகு கயிற்றைக் கையால் அளந்து, வெட்டி, ஒரு முறை உதறி, சாலம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள்.

தீர்த்தம்மாள் எழுந்தார். மாலையோடு சுவரில் தொங்கிய பச்சியப்பனின் படத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். பிறகு தானும் அதன் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.