உப்பைச் சந்தேகப்பட்டேன், டீயை அல்ல

கையில் சுற்றிய பட்டை இறுகத் தொடங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறையும் அளவு கூடுதலாகத்தான் வரும் என்று. புதுச்சேரி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணைச் சொல்வதற்கு முன் நர்ஸ் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். நூற்று அறுபதுக்கு நூறு.

எண் என்னுடையது, ஆனால் நோயாளி நான் அல்ல. என் மகள் நிவேதா. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள் காலையில் முகம் வீங்கி எழுந்தாள். அதிகம் தூங்குகிறாள் என்று கேலி செய்தோம். இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பின் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது). சிறுநீர் பிரியாததால் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில். மரக்காணத்து வெயிலில் அதை வைத்துக்கொண்டு எப்படி இருந்தாள் என்று இப்போது நினைத்தாலும் என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாள்.

சிறுநீரகம் கொடுக்க வீட்டில் நாங்கள் இருவர்தான். கணவருக்குச் சர்க்கரை நோய். அவரை முதல் நாளே தள்ளிவிட்டார்கள். எனக்கு ரத்தப் பிரிவு பொருந்தியது, திசுப் பொருத்தம் சரி, ஸ்கேனும் சரி. ரத்த அழுத்தம் மட்டும் வழிவிடவில்லை.

"பிரஷர் இருக்கறவங்க ஒரு கிட்னியக் கொடுத்தா, மிச்சம் இருக்கற ஒண்ணும் கெட்டுப்போகலாங்க. பொண்ணக் காப்பாத்தறதுக்காக உங்கள பேஷண்ட் ஆக்க முடியாது" என்றார் டாக்டரம்மா.

நாங்கள் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள். எங்களுக்குப் பிரஷர் என்றால் உப்பு, வேறொன்றும் தோன்றாது. எந்த ஊர் என்று கேட்ட நர்ஸும், மரக்காணம் என்றதும், "அப்ப காரணத்தத் தேடவே வேணாம்" என்று சிரித்தார். பி.எஸ்சி. படித்திருந்தும் நான் அதை அப்படியே நம்பினேன். அன்றே உப்பை நிறுத்தினேன். ஊறுகாய் போயிற்று, கருவாடு போயிற்று. உப்பில்லாத சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பசித்த வயிற்றுக்கு டீ இருந்தது. உப்பளத்து ஆட்களுக்காகத் தூக்குவாளியில் கொண்டு வரும் டீ. தூள் ஊறி ஊறிக் கறுத்திருக்கும். பாலும் சர்க்கரையும் வேண்டாம் என்று எனக்குத் தனியாக வரடீ போடச் சொன்னேன். உப்பு இல்லை, இனிப்பு இல்லை, கொழுப்பு இல்லை. அதில் என்ன கெடுதல் இருந்துவிட முடியும்?

மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் இன்னும் மோசம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கணவர் வாசல் கடையில் ஸ்ட்ராங் டீ வாங்கி நீட்டுவார். "வெறும் வயித்தோட வந்திருக்க. குடிச்சிட்டுப் போ, தெம்பா இருக்கும்." நானும் குடித்துவிட்டு நேராகப் போய்க் கையை நீட்டுவேன்.

மூன்றாம் முறையும் அளவு கூடுதலாகவே வந்தபோது டாக்டரம்மா கடைசியாக ஒரு வழி சொன்னார். ஒரு நாள் முழுவதும் உடம்பிலேயே இருக்கும் கருவி. கையில் பட்டை, இடுப்பில் சிறு பெட்டி. பகலிலும் தூக்கத்திலும் அதுவாகவே அழுத்தத்தை அளந்து பதிந்துகொள்ளும். எப்போதும் போல வேலை செய்யச் சொன்னார். பட்டை இறுகும்போது மட்டும் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும்.

அதைக் கட்டிக்கொண்டே உப்பளத்துக்குப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, இடுப்புல ரேடியோ கட்டிக்கினு வர்ற?"

"பிரஷர் மிஷின்டி."

பெட்டி உறும, நான் பேச்சை நிறுத்திவிட்டுச் சிலைபோல நின்றேன்.

"பேசினா கோச்சிக்குமா? எங்க வூட்டு ஆளுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுக்கா. வாய மூடினு நிப்பாரு."

சிரிப்பை அடக்கியதில் அந்த அளவும் ஏறியிருக்கும் என்று பயந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். வரப்பில் வரிசையாகக் கொட்டிவைத்த உப்புக் குவியல்கள் போல மேடுகள். ஆனால் இரவு முழுவதும் சமதளம். தூக்கத்தில் என் அழுத்தம் யாரும் குறை சொல்ல முடியாத அளவில் இருந்தது.

"இந்த நேரத்துலல்லாம் என்ன பண்ணீங்க?"

"உப்பச் சுத்தமா நிறுத்திட்டேங்க டாக்டர்."

"உப்பக் கேக்கலம்மா. பத்தரை மணிக்கு என்ன பண்ணீங்க?"

டீ. காலையில் எழுந்ததும் டீ. மூன்று மணிக்கும் டீ. எல்லாவற்றிலும் உயரமான குவியல், டீ குடித்த அரை மணி நேரத்தில் டயாலிசிஸ் பிரிவிலிருந்து நிவேதாவுக்குத் தலைசுற்றல் என்று போன் வந்த நேரம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். டீயிலுள்ள காஃபீன் (களைப்பைத் தெரியவிடாமல் செய்யும் பொருள்) ரத்தக் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கும். பயமும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு அளவு மளமளவென்று ஏறும். அதே டீயில் மனதைச் சற்றுத் தணிக்கும் தியனினும், நாளடைவில் ரத்தக் குழாய்களுக்கு நல்லது செய்யக்கூடும் என்று நம்பப்படும் ஃபிளாவனாய்டுகளும் (செடிகளிலுள்ள ஒருவகைப் பொருள்கள்) இருக்கின்றன. எனவே டீ விஷமல்ல. எவ்வளவு, எத்தனை ஸ்ட்ராங்காக, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி. உப்பைக் குறைத்ததும் தவறல்ல. சோற்றையே விட்டதுதான் தவறு.

வெளியே வந்து சொன்னதும் கணவர் டீக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஒவ்வொரு வாட்டியும் நான்தான் ஏத்திவிட்டு உள்ள அனுப்பியிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிறுநீரகம் கொடுக்க வழி திறந்திருந்தது. அன்று பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை.

டீயைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் அவசரக்காரி, ஒரேயடியாக நிறுத்தினேன். மண்டை பிளந்தது. காஃபீனுக்குப் பழகிய உடம்பு அப்படித்தான் கேட்குமாம். சில நாளில் அடங்கியது. மறுபடி கருவி கட்டினார்கள். முடிவைச் சொல்ல போன் வந்தபோது நான் வரப்பில் நின்றிருந்தேன். "உங்கள எடுத்துக்கறோம்மா" என்றார் டாக்டரம்மா. அறுத்தெடுக்கப்போகிறார்கள் என்ற செய்திக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கேட்ட பாஞ்சாலி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இருவர் மேலும் உப்பு.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் என் முதல் கேள்வி, "பொண்ணுக்கு ஒண்ணுக்குப் போச்சா?"

"டேபிள் மேலயே போச்சும்மா. பை ரொம்பி மாத்திட்டோம்" என்றார் நர்ஸ். அதைவிட நல்ல செய்தியை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

சில நாள் கழித்து நிவேதா தன் அறையிலிருந்து போனில் அலுத்துக்கொண்டாள். "ம்மா, தண்ணி குடி தண்ணி குடின்னு உயிர வாங்கறாங்கம்மா. வயிறே குளமாட்டம் இருக்குது."

"குடிடி."

"உன் கிட்னிதான? உன்ன மாதிரியே சொன்னதக் கேக்க மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் எழுப்புது."

இதைப் படிக்கும் நீங்களும் அந்த நடைவழியில் உட்கார்ந்திருக்கலாம். என் கதையை வைத்து உங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் அழுத்தம் ஏறி இறங்கிய அழுத்தம், உங்களுடையது ஏறியே இருப்பதாக இருக்கலாம். பட்டையைக் கட்டுமுன் வாசல் கடையைத் தாண்டி வாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். என்ன குடித்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் நாள் முன்பு டீ நேரங்களாலும் அவளுடைய டயாலிசிஸ் கிழமைகளாலும் பிரிந்து கிடந்தது. இப்போது காலையில் லேசாக ஒரு டம்ளர் டீ, அதோடு சரி. போன் மணி அடித்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. அது போகக் காலம் ஆகும் போலிருக்கிறது. வெயிலோடு நிவேதா கல்லூரியிலிருந்து வந்து சொம்பை அண்ணாந்து, மூச்சு விடாமல், மடமடவென்று குடிப்பாள். கழுத்தில் வழிந்தாலும் துடைக்க மாட்டாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், என் இடப்பக்க விலாவுக்குக் கீழே, ஒன்றுமே இல்லாத அந்த இடம், லேசாகக் குளிர்கிறது.