வேலாயி மகள் எழுதிய சுவர்

கணபதி நல்ல மனிதர். ஆனாலும் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவரை 'வேலாயி புருசன்' என்றுதான் சொல்வார்கள். மகளுக்கும் அதே கதிதான். பள்ளிக்கூடப் பதிவில் க. லோஜினி, லயத்து வீடுகளில் 'வேலாயி மக'. கெலிஓயா டவுன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கைதேர்ந்தவள் அவள்.

வேலாயி முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பரா ஒரு மழைக்காலத்தில் ஒழுகித் தள்ளியது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வேலாயி பெண்களைத் திரட்டி, கைக்குழந்தைகளோடு துரை பங்களா விறாந்தையில் போய் உட்கார்ந்துவிட்டாள். "ஒழுகாத எடம் இது ஒண்ணுதாங்க இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் கூரைத் தகரம் வந்து இறங்கியது. அவளுக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்தவர்களின் பிள்ளைகளும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் வளர்ந்தார்கள்.

போன மாதம் காம்பராவுக்குப் புதுச் சுவர் எழுப்பி, படம் எழுத லோஜினியைக் கூப்பிட்டார்கள். பூவும் முயலும் வரும் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவள் தோட்டத்துப் பெண்களை வரிசையாக எழுதிவிட்டாள். ஒவ்வொருத்தியின் காலடியிலும் அவளைப் பெற்றவள் பெயர். 'சின்னாயி மகள் வேலாயி.' ஓரத்தில் தன் பெயரை 'வே. லோஜினி' என்று போட்டாள்.

தோட்டத் தலைவர் வீரய்யா பார்த்துவிட்டுக் குதித்தார். "அப்பன் பேரு இல்லாம எழுதுனா ஆளுங்க என்னா நெனைப்பாங்க? ஞாயித்துக்கெழம தெறப்பு விழா. அழிச்சிட்டு மாத்தி எழுது புள்ள."

"எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க தலைவரே" என்றார் கணபதி. "நீங்களே என்னைய வேலாயி புருசன்னுதான கூப்புடுறீங்க?"

லோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் பெயரையெல்லாம் எழுதிப் பிழைத்தவளுக்குச் சொந்தமாக வாய்த்த முதல் சுவர் அது. தலைவரோடு மல்லுக்கட்டலாம். அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டால் அழிக்கத்தான் வேண்டும்.

சுவரைப் பார்க்க வந்த வேலாயிக்கு எழுத்து தெரியாது. மகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்க அம்மாயி எங்கடி? சின்னாயியப் பெத்தவ?"

"அவங்க பேரு என்னாம்மா?"

வேலாயிக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதில்லை, சின்னாயி சொன்னதும் இல்லை. துரைக்கே பதில் சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழிக்கிற பேச்சே வேணாம் தலைவரே. இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கா" என்றாள் வேலாயி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

வீரய்யா தன் தாயைப் பெற்றவளின் பெயரை யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. அவருக்கும் அது தெரியவில்லை; சுவரை விட்டு விலகி வழிவிட்டார்.

"மொகமும் தெரியாதேம்மா. எப்படி எழுதுறது?"

"ஒன் மொகத்த எழுது. அவகிட்ட இருந்துதான வந்திருக்கும்."

லோஜினி கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, வேலாயியின் படத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை எழுதினாள். கீழே 'சின்னாயியைப் பெற்றவள்' என்று மட்டும் போட்டாள். பெயின்ட் காயும் முன்னே வேலாயி வந்து நின்றாள். தான் பெற்ற மகளின் முகத்தைச் சுவரில் பார்த்து, சின்னப் பிள்ளைக் குரலில், "அம்மாயி" என்று கூப்பிட்டாள்.